பெயரும் முகமும்: பழைய நிழற்படங்கள் நமக்கு உணர்த்துவன

(வத்தல்மலையில் நடைபெற்ற அறக்கட்டளையின் குடும்ப விழாவில், பழைய நிழற்படக் காட்சியைத் திறந்துவைத்து ஆற்றிய உரை)

 

நம் குடும்பங்களின் பெட்டிகளிலும் பரண்களிலும் கிடந்த பழைய நிழற்படங்களை ஒருங்கு சேர்த்து ஒரு காட்சியாக அமைத்த இளைஞர்களை முதற்கண் பாராட்டுகிறேன். பழைய படங்களுக்கு நம்மை ஈர்க்கும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது, அந்த ஈர்ப்பு நம்மிடம் என்ன கடமையைக் கேட்கிறது என்னும் இரண்டு வினாக்களுக்கு என்னால் இயன்ற விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

ஒரு பழைய படத்தை எடுத்த காலத்தில் எடுத்தவர் கருதியது ஒன்று. இன்று நாம் அதில் தேடுவது வேறொன்று. திருமணத் தம்பதியரைப் படமெடுக்கவே அன்று நிழற்படக்காரர் வந்தார். நாமோ தம்பதியரைப் பார்த்த பின்னர், அவர்களுக்குப் பின்னாலிருக்கும் திண்ணையைப் பார்க்கிறோம். ஓட்டு வளையைப் பார்க்கிறோம். சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பார்க்கிறோம். கூடத்து மூலையில் ஒரு பித்தளைத் தவலை இருக்கும். அதன் வாயில் நீர் வடிகட்டும் துணி கட்டியிருக்கும். அந்தத் துணியைப் படமெடுக்க வேண்டும் என எவரும் எண்ணியிருக்கமாட்டார். ஆயினும் அவ்வீட்டார் எந்நெறி நின்று வாழ்ந்தார்கள் என்பதற்கு அதனினும் சிறந்த சான்று வேறு வேண்டுவதில்லை. எழுதுகிறவர் தமக்கு முக்கியம் எனத் தோன்றுவதையே எழுதுகிறார். நிழற்படக் கருவிக்கு முக்கியம், முக்கியமன்று என்ற வேறுபாடு கிடையாது. எதிரில் உள்ள அனைத்தையும் அது பதிந்துகொள்கிறது. பழைய படத்தின் முதற்கவர்ச்சி இதுவே என்பேன்.

இரண்டாவது கவர்ச்சி, காலத்தைப் பற்றியது. நம் ஆசாரியர்கள் ஒரு பொருளை உணர்வதற்கு நாமம், ஸ்தாபனை, திரவியம், பாவம் என நால்வகை நிக்ஷேபங்களை வகுத்தார்கள். தத்துவார்த்த சூத்திரம் முதல் அதிகாரத்திலேயே இவற்றைக் கூறுகிறது. பெயரால் அறிவது நாமம். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்து அறிவது ஸ்தாபனை. இனி அரசனாகப் போகும் இளவரசனை அரசன் என்றே வழங்குவது போல, முன்னைய அல்லது பின்னைய நிலையைக் கொண்டு வழங்குவது திரவியம். இப்போதைய நிலையைக் கொண்டு அறிவது பாவம். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன், பெரிய தலைப்பாகையோடு, நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டு நிற்கும் படத்தைக் காட்டி, ‘இவர்தாம் உன் கொள்ளுத்தாத்தா’ என்று பேரனிடம் சொல்கிறோமே, அப்போது நாம் அறியாமலேயே திரவிய நிக்ஷேபத்தைக் கையாளுகிறோம். அச்சிறுவனுக்குத் தான் கொள்ளுத்தாத்தா ஆகப்போவது தெரியாது. நமக்குத் தெரியும். அவன் முகத்தை நோக்கும்போது நெஞ்சில் எழும் நெகிழ்ச்சிக்குக் காரணம், அவன் அறியாததை நாம் அறிந்திருப்பதே.

இனி, நாம் கூடியிருக்கும் இந்த நிலப்பகுதியின் வரலாற்றுப் படங்களைச் சிறிது காண்போம். பழைய சேலம் மாவட்டத்திலிருந்து தருமபுரி 1965-ஆம் ஆண்டு தனி மாவட்டமாயிற்று. 2004-இல் கிருஷ்ணகிரி அதினின்றும் பிரிந்தது. அதற்கெல்லாம் முன்பு இந்நிலம் பாரமகால் என வழங்கியது. 1792-இல் திப்பு சுல்தானோடு நிகழ்ந்த உடன்படிக்கையின்படி அது ஆங்கிலேயக் கம்பெனியின் கைக்கு வந்தது. அதே ஆண்டில் தாமஸ் டேனியல் என்னும் ஓவியரும் அவர்தம் உடன்பிறந்தார் மகனான வில்லியம் டேனியலும் சென்னையிலிருந்து புறப்பட்டுத் தென்னாட்டில் பயணம் செய்தார்கள். அவர்கள் பிற்காலத்தில் இலண்டனில் வெளியிட்ட புகழ்பெற்ற அச்சோவியத் தொகுதியில் பாரமகாலின் மலைக்கோட்டைகளும் இடம்பெற்றன. இராயக்கோட்டையும் அவற்றுள் ஒன்று.

அக்காலத்தில் நிழற்படம் இல்லை. ஆனால் இருட்டறைப் பெட்டி இருந்தது. சிறு துளையில் பதித்த கண்ணாடி வில்லை வழியாக வரும் ஒளி, வெளியேயுள்ள காட்சியைப் பெட்டிக்குள் உருவாக விழச் செய்யும். ஓவியர் அவ்வுருவின் மேல் கோடு போட்டுக்கொள்வார். டேனியல்கள் இக்கருவியைப் பயன்படுத்தினார்கள். அவ்வுருவைக் கையால் வரையாமல், வேதிப்பொருள் பூசிய தகட்டிலோ தாளிலோ தானே பதியச் செய்யும் வழி 1839-இல் ஐரோப்பாவில் வெளியாயிற்று. நிழற்படக் கலை பிறந்தது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் அது இந்தியாவுக்கும் வந்துசேர்ந்தது. 1856-இல் சென்னையில் நிழற்படச் சங்கமே தோன்றிவிட்டது.

அந்தச் சங்கம் தோன்றிய காலத்தில் சென்னை அரசு லின்னேயஸ் ட்ரைப் என்னும் படை அலுவலரை மாகாணத்தின் அரசு நிழற்படக்காரராக அமர்த்தியது. அவர் 1857-ஆம் ஆண்டு இறுதியில் பெங்களூரிலிருந்து புறப்பட்டு, இராயக்கோட்டை வழியாகச் சேலம் மாவட்டத்தைக் கடந்து, திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை என்று சென்றார். ஊருக்கொரு தொகுதியாக அவர் எடுத்த படங்கள் 1858-இல் வெளிவந்தன. அவற்றுள் ஒன்று இராயக்கோட்டையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களும் அடங்கியது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை அவர் இருபத்தொரு படங்களாக எடுத்து ஒன்றோடொன்று ஒட்டினார். அது ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக அமைந்தது. நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் அக்கற்கள் இருந்த நிலையை இன்றும் அதில் காணலாம்.

ட்ரைப் பயன்படுத்தியது மெழுகு தோய்த்த தாள். ஒளியை அது மெதுவாகவே ஏற்கும். ஆகவே, கருவியின் கண் நெடுநேரம் திறந்திருக்க வேண்டும். அதற்குள் தெருவில் நடந்தவர் கடந்து போய்விடுவார். அவர் உருவம் தாளில் பதியாது. ஓடிய சிறுவன் இல்லை. அசைந்த மாடு இல்லை. நின்ற தூணும் மதிலும் மலையும் மட்டும் இருக்கும். அக்காலத்துப் படங்களைப் பார்ப்போர், ‘ஊர் ஏன் இவ்வளவு வெறிச்சோடிக் கிடக்கிறது?’ எனக் கேட்பதுண்டு. ஊர் வெறிச்சோடவில்லை; மக்கள் நடமாடிக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களைப் பிடித்து நிறுத்தும் வேகம் அந்தத் தாளுக்கு இல்லை. மற்றொன்றும் அறியத்தக்கது. வானம் தாளில் வெறுமையாக விழுந்தபோது, ட்ரைப் எதிர்ப்பதிவின் மேல் தூரிகையால் மேகங்களைத் தீட்டிக்கொண்டார். எனவே பழைய படம் என்றதும் அதிலுள்ள அனைத்தும் அப்படியே உண்மை என்று கொள்ளுதல் கூடாது. கல்வெட்டைப் படிப்பதற்குப் பயிற்சி வேண்டுவது போலவே, படத்தைப் படிப்பதற்கும் பயிற்சி வேண்டும்.

அரசு நிழற்படக்காரருக்கு இட்ட முதன்மையான பணி, பழைய கட்டடங்களையும் சிற்பங்களையும் பதிவு செய்வதாகும். ஆகவே கோட்டை இருந்த மலைகளுக்கு அக்கருவி சென்றது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து வாழ்ந்த மலைகளின் பக்கம் அது எளிதில் திரும்பவில்லை. மலைவாழ் மக்களை நோக்கிக் கருவி திரும்பியபோது அது வேறொரு நோக்கத்தோடு திரும்பியது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், இரங்காச்சாரியின் துணையோடு 1909-இல் தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். இம்மலையின் மலையாளி மக்களைப் பற்றியும் அதில் கட்டுரை உண்டு. ஜைனராகிய நம்மைப் பற்றியும் உண்டு. அரிய செய்திகள் பல அதில் உள்ளன, மறுக்கவில்லை. ஆனால் அத்தொகுதிகளின் படங்களில் பெரும்பாலானவற்றின் அடியில் குலத்தின் பெயர் இருக்கும். நிற்கிற மனிதரின் பெயர் இராது. அவருக்குத் தாய் தந்தையர் இட்ட பெயர் ஒன்று இருந்தது. அதைக் கேட்டு எழுதிக்கொள்வதற்கு அரைக் கணம் போதும். படம் எடுத்தவர்களுக்கு அந்த மனிதர் ஒரு வகைமாதிரியாகவே தோன்றியமையால் அந்தக் கேள்வி எழவில்லை.

பெயரில்லாத முகம் என்பது எத்தகைய இழப்பு என்பதை உணர, இதற்கு நேர்மாறான ஒன்றை இதே தருமபுரியிலிருந்து எடுத்துக் காட்டுகிறேன். தகடூர் என்பதே இதன் பழம்பெயர் என்பதை அனைவரும் அறிவீர்கள். நுளம்ப மன்னன் மகேந்திரன் காலத்துக் கன்னடக் கல்வெட்டு ஒன்று இங்கே ஒரு தூணில் கிடைத்தது. அதன் ஆண்டு சகம் 815, அதாவது கி.பி. 893. நிதியண்ணன், சண்டியண்ணன் என்னும் வணிகக் குடியினர் இருவர் தகடூரில் ஒரு பசதி, அதாவது ஜினாலயம், எடுப்பித்தார்கள் என்றும், மன்னனிடமிருந்து பெற்ற மூலப்பள்ளி என்னும் ஊரை நிதியண்ணன் அப்பசதியின் பராமரிப்புக்காகக் கனகசேன சித்தாந்த பட்டாரரிடம் அளித்தான் என்றும் அது கூறுகிறது. அந்த ஆசாரியரின் ஆசிரியர் பெயர் வினயசேனர் என்பதையும், அவர்கள் மூலசங்கத்துச் சேனர் மரபைச் சார்ந்தவர்கள் என்பதையும் கூடக் கல்லில் பொறித்து வைத்தார்கள்.

எண்ணிப் பாருங்கள். ஆயிரத்து நூற்று முப்பது ஆண்டுகள் கழிந்தன. நிதியண்ணனின் முகம் நமக்குத் தெரியாது. அவன் எடுப்பித்த பசதியின் வடிவம் தெரியாது. பெயர் மட்டும் இருக்கிறது, கொடை இருக்கிறது, குருமரபு இருக்கிறது. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரிகரின் நிலையும் அதுவே. பெயரும் நோன்பின் நாட்கணக்கும் பாறையில் நிலைத்துவிட்டன. திருமுகத்தை எவரும் அறியார். போளூர்த் திருமலையில், எழினி செய்வித்த இயக்கன் இயக்கியர் திருவுருவங்கள் சிதைந்தமை கண்டு, அவற்றைப் புதுப்பித்து நிறுவியவன் தகடூர் அதியமான் மரபினனாகிய விடுகாதழகிய பெருமாள். அவனுடைய பெயரும் கல்லால்தான் நமக்குக் கிட்டியது.

நம் வீட்டுப் பழைய படங்களிலோ இது தலைகீழாக இருக்கிறது. முகம் தெளிவாக இருக்கிறது. மூக்குத்தியின் கல்லைக்கூட எண்ணலாம். பெயர் இல்லை, ஊர் இல்லை, ஆண்டு இல்லை. கல்வெட்டுக்காரர் பெயரைக் காத்து முகத்தை இழந்தார். நாம் முகத்தைக் காத்துப் பெயரை இழந்துகொண்டிருக்கிறோம். அவர்களுக்கு வேறு வழியில்லை. நமக்கோ ஒரு பென்சில் போதும்.

இவ்விரண்டையும் ஒருங்கே செய்த மரபும் இந்த மண்ணிலேயே உண்டு. தருமபுரி, செங்கம் வட்டாரங்களில் கிடைத்த நடுகற்களைத் தருமபுரி அருங்காட்சியகத்தில் பலரும் பார்த்திருப்பீர்கள். ஆநிரை மீட்டு இறந்த வீரனின் உருவம் கல்லில் இருக்கும். அதே கல்லில் மன்னனின் ஆட்சியாண்டு, வீரனின் பெயர், அவன் எதற்காக உயிர் கொடுத்தான் என்ற செய்தி ஆகியவை பொறித்திருக்கும். ஓர் எளிய ஊரின் எளிய வீரனுக்கு அவ்வளவும் எழுதினார்கள். நிழற்படத்துக்குக் குறிப்பு எழுதுவது எப்படி என்று கற்க நாம் அயல்நாடு செல்ல வேண்டா, நடுகல் போதும். யார், எப்போது, எங்கே, எதன் பொருட்டு என்னும் நான்கே அதன் இலக்கணம்.

நம் ஜினாலயங்களும் இதையே கற்பிக்கின்றன. தீர்த்தங்கரர் திருவுருவங்கள் அனைத்தும் ஒரே அமைதியுடையன. பாம்பின் படம் கவிந்த பார்சுவநாதர் போன்ற சிலரை விட்டால், முகத்தை மட்டும் நோக்கி இவர் இன்னார் எனக் கூறல் அரிது. பீடத்தில் எருது இருந்தால் ஆதிநாதர். பிறை இருந்தால் சந்திரப்பிரபர். சங்கு இருந்தால் நேமிநாதர். சிங்கம் இருந்தால் வர்த்தமானர். இலாஞ்சனம் தேய்ந்துபோன திருவுருவின் முன் நின்று, ‘இவர் எந்தப் பகவான்?’ என்று பெரியோர்களே தயங்குவதுண்டு. படத்தின் பின்புறம் எழுதும் இரண்டு வரியே அப்படத்தின் இலாஞ்சனம். காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில், இருகப்பர் 1387-இல் கட்டுவித்த சங்கீத மண்டபத்தின் விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகளை ஓவியங்களாகத் தீட்டியபோது, காட்சிகளின் அடியில் இது இன்ன நிகழ்ச்சி எனக் குறிப்பும் எழுதினார்கள். டி. என். இராமச்சந்திரன் அக்கோயிலைப் பற்றி ஆராய்ந்து 1934-இல் சென்னை அருங்காட்சியகத்தின் வெளியீடாக நூல் கொண்டுவந்தபோது, அக்குறிப்புகள் அவருக்குப் பெருந்துணை செய்தன. அந்நூலில் அச்சான படங்கள் இன்று மற்றொரு வகையில் பயன்படுகின்றன. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அவ்வோவியங்கள் எந்நிலையில் இருந்தன என்பதற்கு அவையே சான்று.

பழைய படத்தால் நெஞ்சம் நெகிழும். அவ்வளவுதானே எனக் கருதுவோர் உண்டு. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவு போன நடராசர் செப்புத் திருமேனியும், விருத்தாசலம் கோயிலிலிருந்து களவு போன அர்த்தநாரீசுவரர் கற்சிலையும் ஆஸ்திரேலிய அருங்காட்சியகங்களில் இருந்தன. 2014 செப்டம்பரில் அந்நாட்டுப் பிரதமர் அவற்றை இந்தியப் பிரதமரிடம் நேரில் ஒப்படைத்தார். அவை நம் கோயில்களுக்கு உரியனவே என்று மெய்ப்பிக்க உதவியவை, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பல ஆண்டுகளுக்கு முன் கோயில்களிலேயே எடுத்து, ஊரும் நாளும் குறித்து வைத்திருந்த படங்கள். 1955-இல் தோன்றிய அந்நிறுவனத்தின் ஆவணத்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. ஊரும் நாளும் குறிக்காத படமாயின், வழக்கில் அதன் எடை மிகவும் குறைந்திருக்கும். சிற்றூர் ஜினாலயங்களில் இரவு பூட்டிவிட்டு வரும் செப்புத் திருமேனிகள் நமக்கும் உண்டு. ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும், பீடத்தின் எழுத்தும் இலாஞ்சனமும் தெரியுமாறு, அளவோடு படமெடுத்து வைத்திருக்கிறோமா என்பதை அந்தந்த ஊர் நிருவாகத்தினர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதே பிரெஞ்சு நிறுவனத்தில், பிரித்தானிய நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய நிழற்பட நிலையங்களின் படங்களையும் தேடித் தொகுத்து மின்வடிவில் பதிவு செய்தார்கள். திரைச்சீலையில் தீட்டிய மாளிகை, அதன்முன் பூத்தொட்டி, ஒரு நாற்காலி, அதில் கணவர், அருகே நிற்கும் மனைவி என்று நம் வீடுகளிலெல்லாம் உள்ள படங்கள்தாம். நாம் மதிக்காமல் பரணில் எறிந்ததை ஆய்வாளர்கள் வரலாற்றுச் சான்றாக மதித்துத் தேடினார்கள். நிலையங்கள் பல மூடிவிட்டன. கண்ணாடித் தகடுகள் உடைந்தன. ஊர்களிலிருந்து நம் குடும்பங்கள் சென்னைக்கும் வெளிநாடுகளுக்கும் பெயர்ந்தன. பழைய வீட்டை விற்கும்போது முதலில் வெளியே எறிவது படப்பெட்டியையே. அதனினும் விரைந்து நிகழும் இழப்பு ஒன்றுண்டு. 1950-களில் எடுத்த ஒரு குழுப்படத்தில் நிற்பவர்களை விரலால் சுட்டிப் பெயர் சொல்ல வல்லவர்கள் இன்று எண்பது வயதைக் கடந்தவர்கள். தாள் இன்னும் ஐம்பதாண்டு இருக்கும். சொல்பவர் அவ்வளவு காலம் இருப்பார் என நாம் எதிர்பார்த்தல் இயலாது.

ஆகவே சில செயல்களைப் பணிவுடன் முன்மொழிகிறேன்.

முதலாவது, படத்தைக் காட்டிக் கேளுங்கள். ‘பழைய கதை ஏதேனும் சொல்லுங்கள் பாட்டி’ என்று கேட்டால் நினைவு எளிதில் எழாது. படத்தைக் கையில் கொடுத்து, ‘இந்த வரிசையில் இடப்பக்கம் மூன்றாவதாக இருப்பவர் யார்?’ என்று கேளுங்கள். ஒரு முகம் இன்னொரு முகத்தை நினைவூட்டும். கைப்பேசியில் அவர்கள் குரலையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, பெண்களின் பெயரை எழுதுங்கள். பெயர் எழுதிய படங்களிலும் ‘இன்னார் மனைவி’, ‘இன்னார் தாயார்’ என்றே காண்கிறோம். அவருடைய சொந்தப் பெயரையும் பிறந்த ஊரையும் எழுதுங்கள். பெயரில்லாத மலைமகனைக் கண்டு வருந்திய நாம், நம் வீட்டுப் பாட்டியைப் பெயரில்லாமல் விட்டுவிடுதல் முறையாகாது.

மூன்றாவது, படத்தின் பின்புறத்தை மதியுங்கள். அட்டையில் அச்சிட்ட நிலையத்தின் பெயர் ஊரைக் காட்டும்; தாளின் ஓரத்து வளைவுவெட்டு காலத்தைக் காட்டும். எனவே படியெடுக்கும்போது முன்புறத்தோடு பின்புறத்தையும் எடுங்கள், ஓரங்களை வெட்டாதீர்கள். எழுதுவதற்கு மென்மையான பென்சிலே தக்கது. பேனா மை ஊறி முன்புறத்தைக் கறைப்படுத்தும். பென்சில் பற்றாத வழவழப்பான தாளாயின் உறையின் மேல் எழுதி, படத்தை அதனுள் வையுங்கள்.

நான்காவது, பாதுகாப்பு. பசைப் பக்கங்கள் கொண்ட ஆல்பங்கள் நாளடைவில் படத்தை அரிக்கும். இரும்புக் கொக்கி துருவேறும். சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்த்தெடுக்க முயலாதீர்கள்; கண்ணாடியோடே படியெடுத்துவிடுங்கள். பழைய படத்துக்கு லேமினேஷன் செய்தல் கூடவே கூடாது. இம்மலையைப் போன்ற பனியும் ஈரமும் மிகுந்த இடங்களில் பூஞ்சையே பெரும்பகை. உலர்ந்த, காற்றோட்டமுள்ள இடத்தில், தூய பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் பூச்சி அண்டுவது பெரிதும் குறையும். மருந்திட்டுக் கொல்வதை விட, அணுகாமல் காப்பதே நம் நெறிக்கும் ஒத்தது. நம் முன்னோர் ஏட்டுச்சுவடிகளைக் காத்தவிதமும் அதுவே.

ஐந்தாவது, இதற்கென ஒரு நாள் வேண்டும். புட்பதந்தரும் பூதபலியும் ஆகமத்தை ஏட்டில் நிறைவுசெய்ததைப் போற்றும் சுருத பஞ்சமி நாளில், சுவடிகளை எடுத்துத் துடைத்து, புதுத்துணி சுற்றி வழிபடுவது நம் வழக்கம். வழிபாடு முடிந்த பின்னர், அதே நாளில் வீட்டுப் படங்களையும் எடுத்துத் துடைத்துப் பெயர் எழுதும் வழக்கத்தை நாம் ஏற்படுத்திக்கொள்ளலாம். படம் ஆகமத்துக்கு நிகராகாது. ஆயினும் காக்கும் பழக்கம் ஒன்றே.

இங்கே ஓர் ஐயம் எழலாம். பற்றை விடுக என்னும் நெறியில் நிற்கும் நாம், மறைந்தவர்களின் படங்களைப் போற்றி வைப்பது பற்றை வளர்ப்பதாகாதா? நல்ல கேள்வி. என் விடை இது: எனக்கு, என் வீட்டுக்கு என்று பூட்டி வைத்தால் அது பற்றுத்தான். படியெடுத்துப் பலர்க்கும் கொடுத்தால் அது தானம். பத்தாம் நூற்றாண்டில் அத்திமப்பை என்னும் அம்மையார், பொன்னர் இயற்றிய சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார் என்பது வரலாறு. ஒரே படி இருந்த நூல் ஒரு தீயில் அழியும்; ஆயிரம் வீடுகளில் இருக்கும் நூல் அழியாது. அவர் ஏடுகளுக்குச் செய்ததை நாம் படங்களுக்குச் செய்வது இன்று எளிது. ஒரு படி உங்கள் வீட்டில், ஒரு படி உறவினர் வீட்டில், ஒரு படி அறக்கட்டளையில் என மூன்று இடங்களில் இருக்கட்டும். வெளியிடும்போது மட்டும் உரியவர்களின் இசைவைக் கேளுங்கள். எல்லாப் படமும் எல்லார் கண்ணுக்கும் உரியதன்று.

நிறைவாக, இங்கு வந்திருக்கும் வத்தல்மலை இளைஞர்களுக்கு ஒரு சொல். பெரியூரிலும் பால்சிலம்பிலும் சின்னாங்காட்டிலும் காப்பியும் மிளகும் விளையும் இம்மலையிலிருந்து, சாலை வருமுன்னர் உங்கள் பெற்றோர் நடந்தே இறங்கி நடந்தே ஏறினார்கள். அந்த ஒற்றையடிப் பாதையின் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு பெயர் இருக்கும்; அதை அறிந்தவர்கள் இன்னும் உங்கள் வீட்டில் இருக்கிறார்கள். அவர்களை அழைத்துச் சென்று, நிற்கச் செய்து, படமெடுங்கள். அவர் பெயரும், பாதையின் பெயரும், நாளும் எழுதுங்கள். முன்பு வெளியிலிருந்து வந்தவர்கள் எழுதாமல் விட்டதை எழுதும் உரிமையும் கருவியும் இன்று உங்கள் கையில் உள்ளன. இன்றைய படமே நாளைய பழைய படம்.

இக்காட்சியிலுள்ள படங்களில் பெயர் தெரியாதவை பல உள்ளன. ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு வெற்றுத்தாளும் பென்சிலும் வைத்திருக்கிறோம். மாலை உணவுக்கு மணியடிக்குமுன், ஒளி இருக்கும்போதே, ஒவ்வொருவரும் ஒருமுறை வலம்வந்து, அறிந்த முகத்துக்கு அறிந்த பெயரை எழுதிச் செல்லுமாறு வேண்டிக்கொள்கிறேன். முதியோர்களை இளைஞர்கள் கைபிடித்து அழைத்துச் செல்லுங்கள்.

 அறம் வளர்க!